நீலம் பாரித்த புரோக்கோலி

அந்தக் காலத்தில், செடிக்கும் மாட்டுக்கும்கூட வாய் இருந்தபோது, மலைச்சரிவில் ஒரு வீட்டுத் தோட்டம் இருந்தது. கார்த்திகைக் கடைசியில், அறுவடையன்று அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரி பேச்சாயி, கீரை விளையும் கீழ்நாட்டிலிருந்து வாழ வந்த அவள் மருமகள் தையல்நாயகி, செவலைப் பசு, முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூக்கல், அவர்களுடைய கடைசித் தங்கை புரோக்கோலி. ஆக ஏழு பேர். மண்புழுக்களும் இருந்தன, ஓரிடத்தில் நிற்காததால் அவை கணக்கில் இல்லை.

மலையில் அப்போது ஒரே முறைதான். விளைந்ததை அறுப்பார்கள், அடித்தண்டை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போடுவார்கள். உறைபனி விழுமுன் பாத்தி காலியாகிவிட வேண்டும்.

அக்காள்கள் மூவரும் கொழுகொழுவென்று விளைந்து நின்றார்கள். புரோக்கோலி மட்டும் ஒரு மொட்டுகூட இல்லாமல் வெறும் பச்சை இலையாக நின்றது.

"உன் பூ எங்கடி?" என்றாள் பேச்சாயி.

"கொஞ்சம் பொறுங்க ஆத்தா, வந்துடும்."

"புரட்டாசியிலயும் இதையேதான் சொன்னா," என்றது முட்டைக்கோசு.

"எனக்குப் பூவெல்லாம் வேண்டாம், இலையே போதும்," என்று செவலை நாக்கை நீட்டியது.

தையல்நாயகிக்கு மனசு கேட்கவில்லை. புகுந்த வீட்டில் அவள் கையால் நட்ட முதல் நாற்று அது.

"பனி முடியறவரைக்கும் விட்டுப் பாப்போமே அத்தை."

"பனியில நின்னு பொழைச்ச செடி உண்டா? கீரைக்காரிக்கு மலைப் பயிரைப் பத்தி என்ன தெரியும்!" என்று சிரித்தாள் பேச்சாயி. பிறகு, "சரி, விடு. இது பூத்து, சட்டிக்கு ஆச்சுன்னா இந்தப் பாத்தி உன்னோடது. ஆகலேன்னா இனிமே நீ மண்வெட்டியைத் தொடப்படாது," என்றாள்.

பனி விழுந்தது. தையல்நாயகி செடியின் காலடியில் காய்ந்த புல்லைப் பரப்பி வைத்தாள். விடிந்ததும் போய்ப் பார்ப்பாள். குளிரில் நம் உதடு நீலம் பாரிப்பதுபோல அதற்கு முதலில் இலை நரம்பு நீலம் பாரித்தது, பிறகு தண்டு.

"ஏ புள்ள, இருக்கியா?"

"இ... இ... இருக்கேன் அக்கா." பல்லே இல்லாத செடிக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

மாசி வெயில் வந்தபோது உச்சியில் ஒரு பூ திரண்டது. கத்தரிக்காயைப் போல நல்ல ஊதா! தையல்நாயகி கூவி மாமியாரை அழைத்தாள்.

"ஐயய்யோ!" என்றாள் பேச்சாயி. "பாம்பு தீண்டின உடம்பு மாதிரி இருக்கு. இதை யாரு திம்பா? அறுத்துப் பிடுங்கி செவலைக்குப் போடு."

செவலை இரண்டு அடி பின்னால் போனது. "எனக்கு வயிறு சரியில்லை," என்றது.

தையல்நாயகி அரிவாளைத் தேடவில்லை. கீரை கிள்ளிப் பழகிய கை அது. கட்டைவிரல் நகத்தை வைத்து நடுப்பூவை மட்டும் கிள்ளிக்கொண்டு, செடியை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அறுக்கத் தெரியாம கிள்ளிட்டுப் போறாளே!" என்று பின்னாலேயே வந்தாள் பேச்சாயி.

கடுகும் வரமிளகாயும் பொரிந்தன. பூண்டைத் தட்டிப் போட்டுப் பூவையும் போட்டாள்.

"அப்பாடா!" என்றது சட்டிக்குள் பூ. "இப்பத்தான் குளிர் விட்டுச்சு."

சூடு ஏற ஏற நீலம் போய், பழைய பச்சை திரும்பியது. பேச்சாயி எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பனி குடிச்சு இனிக்குதேடி!"

"சட்டிக்கு ஆச்சா அத்தை?"

"ஆச்சு, ஆச்சு. ஆனா ஒத்தப் பூவுக்கு ஒரு பாத்தியா? போய் அடியைப் பிடுங்கு."

தோட்டத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "பிடுங்காதீங்க ஆத்தா! அக்கா கிள்ளின கிள்ளுல என் உடம்பெல்லாம் முழிச்சுக்கிச்சு. இலைக்கு இலை கக்கத்துல ஏதோ குறுகுறுங்குது!"

இருவரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் ஒரு குட்டி ஊதாப் பூ கண் விழித்திருந்தது. தையல்நாயகி எண்ணினாள், இருபத்து மூன்று. பேச்சாயி நம்பாமல் தானும் எண்ணினாள். அதே இருபத்து மூன்று.

"பாத்தியை நீயே வச்சுக்க," என்றாள் பேச்சாயி. "கிள்ளுறது எப்படின்னு மட்டும் எனக்குக் காட்டிக் கொடு தாயி."

அந்த மாசியில் தொடங்கியதுதான், ஊதா புரோக்கோலி பனிக்காலம் முழுக்கக் காத்திருந்து பூப்பதும், சட்டியில் சூடு பட்டதும் பச்சையாவதும், நடுப்பூவைக் கிள்ளினால் கக்கமெல்லாம் துளிர்ப்பதும். பேச்சாயி ஆசை தீரக் கிள்ளியது பத்தொன்பது; விதைக்கு வேண்டுமென்று தையல்நாயகி குறுக்கே நின்று காப்பாற்றியது நான்கு.