ஏழாவது தலைவரின் பெயர்

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் நடந்தது இது. நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்களுடையது.

செண்பகவல்லி அங்கே முதுகலை இரண்டாம் ஆண்டு படித்தாள். பெண்கள் தலைவராக இருக்கும் ஊராட்சிகளில் உண்மையில் முடிவெடுப்பது யார் என்று ஆய்வேடு எழுதினாள். அதற்காகப் பன்னிரண்டு பெண் தலைவர்களைத் தேடிப் போய்ப் பேசினாள். பேருந்து போகாத ஊர்களுக்கு அவளை ஸ்கூட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் வகுப்புத் தோழி ஜெனிட்டா.

தலைவர்கள் எளிதில் வாய் திறக்கவில்லை. குரலைப் பதிவு செய்ய ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் செண்பகவல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குக் கொடுத்தாள்: "உங்க பேரையும் ஊரையும் யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்." ஆய்வேட்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள்தாம் இருந்தன. பெயர்ப் பட்டியலைத் துறையில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

ஏழாம் எண் முப்பிடாதி. வயது நாற்பதுக்கு மேல். தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அவர். ஆனால் கிராம சபையில் பேசுவது, மனு வாங்குவது, எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போடுவது என்று சொல்வது எல்லாம் கணவர். "எனக்காவ எல்லாத்தையும் அவுகளே முடிவு பண்ணிருதாவ. நல்லதுக்குத்தான் பண்ணுதாவ. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா?" என்றார் அவர். இது கணவர் காதுக்குப் போனால் வீட்டில் நிம்மதி போய்விடும் என்றும் சொன்னார். ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தணிகாசலம் என்ற பேராசிரியர் வந்தார். முந்தைய ஆண்டு வேறோர் இடத்தில், விடுதி அறையை விட்டு நகராமலே நூறு பேரின் பேட்டியை எழுதிவிட்ட ஒருவனுக்குத் தேர்ச்சி கொடுத்து, பிறகு தலைகுனிந்தவர் அவர். ஏழாம் எண் சொன்னதைப் படித்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கச்சிதமாக ஒருவர் பேசியிருப்பாரா என்று கேட்டார். பெயரைச் சொன்னால் தாமே பேசிச் சரிபார்த்துக்கொள்வதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

செண்பகவல்லிக்கு ஹைதராபாத்தில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தேர்ச்சி இல்லையென்றால் அந்த இடம் கைவிட்டுப் போகும்.

முப்பிடாதியையே போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றாள் ஜெனிட்டா. செண்பகவல்லி சம்மதிக்கவில்லை. "நான் போயி நின்னா அந்த அக்காவால மாட்டேன்னு சொல்ல முடியாது. அப்படி ஒரு இக்கட்டுல அவங்களை நிறுத்த மாட்டேன். எனக்குப் படிப்பு போனா போகட்டும்."

வியாழக்கிழமை காலை ஜெனிட்டா, யாரிடமும் சொல்லாமல், தனியாகக் கிளம்பினாள். நூறு நாள் வேலை நடக்கும் குளத்துக்கரையில் முப்பிடாதி ஒதுங்கி நிற்கும்வரை காத்திருந்து, நடந்ததை மட்டும் சொன்னாள்.

"நீங்க வரணும்னு நான் கேக்கலக்கா. வராட்டாலும் தப்பில்ல. உங்க பேரை வச்சு அங்க ஒரு காரியம் நடக்குது. அது உங்களுக்குத் தெரியணும்."

முப்பிடாதி வேலை நடக்கும் இடத்துக்குத் திரும்பிப் போனார். ஜெனிட்டாவும் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை செண்பகவல்லி பேராசிரியர் முன் நின்று, பெயரைச் சொல்ல முடியாது என்றாள். அவர் வருத்தத்தோடுதான் கோப்பை மூடினார். அப்போது கதவருகே ஒரு பெண்குரல் கேட்டது.

"சார், அந்த ஏழாவது ஆளு நாந்தான். இந்தப் பிள்ளை எழுதுனதுல ஒரு எழுத்து பொய்யில்ல."

பேராசிரியர் அவரோடு தனியே அரைமணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது பேராசிரியரின் முகம் தெளிந்திருந்தது. 'சான்று நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, பெயர் எதுவும் குறிப்பிடாமல் கையொப்பமிட்டார். முதல் வகுப்பு. செண்பகவல்லி அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரத்தில் முதன்முறையாக அவளுக்குப் பசித்தது.

மூவரும் கேன்டீனில் பூரி சாப்பிட்டார்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று செண்பகவல்லி பயந்து பயந்து கேட்டாள். "ஊராட்சி பத்தி யுனிவர்சிட்டில பேசப் போறேன்னேன். நானும் வரட்டான்னு கேட்டாவ. வேண்டாம், தலைவர் நாந்தானேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்" என்றார் முப்பிடாதி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் தோழிகளுக்குள் வழக்கு தீரவில்லை. என் வாக்கை வைத்து நீ சூதாடிவிட்டாய் என்றாள் செண்பகவல்லி. அந்தப் பெயரை ஏற்கெனவே அறியாத யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லையே என்றாள் ஜெனிட்டா.

படிப்பே போனாலும் பெயரைச் சொல்லமாட்டேன் என்று நின்றாள் ஒருத்தி. தோழியின் சொல்லை மீறிப் போய்ச் செய்தி சொன்னாள் ஒருத்தி. தம் பெயரைத் தாமே வந்து சொன்னார் ஒருவர். இதில் யார் செய்தது சரி?

விடை: முப்பிடாதி செய்ததில் கேள்வியே இல்லை, பெயர் அவருடையது. தோழிகள் இருவரில் ஜெனிட்டா செய்ததே சரி. அவள் பெயரை வெளியே கொண்டுபோகவில்லை. பெயருக்கு உரியவரிடம் செய்தியைக் கொண்டுபோய், முடிவை அவர் கையில் விட்டாள். செண்பகவல்லி வாக்கைக் காத்தாள், அது பெரிய காரியம். ஆனால் முப்பிடாதிக்கு எது நல்லது என்பதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே முடிவு செய்தாள். அவர் கணவரும் இத்தனை காலம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.