குட்டை மூக்கு மண்டையோடு

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டில் நல்ல குகை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஓர் ஓநாய் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது.

ஊரிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஒரு நாய்க்கு அந்தக் குகையின்மேல் கண். குகை கிடைத்தால் பாதி இடம் தருவதாக அது ஒரு நரியிடம் சொன்னதும், நரி வேலையில் இறங்கியது. ஓநாய் இரை தேடப் போன நேரம் பார்த்துக் குகைத் தரையை ஆழமாகத் தோண்டி, பழங்கால மண்டையோடு ஒன்றை எடுத்துக்கொண்டு காட்டுத் தலைவரான யானையிடம் ஓடியது.

"ஓநாய்க்கு மூக்கு நீளம், நாய்க்குக் குட்டை. இதன் மூக்கைப் பாருங்கள், யானையாரே. ஆதியில் இங்கே வாழ்ந்தது நாய்தான். ஓநாய் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது" என்றது.

யானை நல்லதுதான், ஆனால் யோசிக்கச் சோம்பல். சூரியன் மறைவதற்குள் ஓநாய் வெளியேற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓநாய் கறுத்துவந்த வானத்தை அண்ணாந்து பார்த்தது. மழையில் குட்டிகளை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

முள்ளம்பன்றி மட்டும் முன்னால் வந்தது. எலும்பைக் கொறித்தே வளர்ந்த பிறவி. எலும்பு சமாச்சாரம் எல்லாம் அதற்கு அத்துப்படி. மாலைவரை அந்த மண்டையோட்டைத் தன்னிடம் விடும்படி கேட்டது. அதற்குள் தின்று தீர்த்துவிடும் என்று நரி கேலி செய்ய, கூடியிருந்த விலங்குகள் சிரித்தன.

முள்ளம்பன்றி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் முள் ஒன்றைப் பிடுங்கி, எலும்பில் அப்பியிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தது. பழகிய பல் சும்மா இருக்குமா? கொறிக்கத் துடித்தது. பாவம், ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நரி நான்கு முறை வந்து அவசரப்படுத்தியும் அசைந்து கொடுக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், தாடைக்குள் முள் எதிலோ இடித்தது. சின்னப் பற்களுக்கு அடியில் இன்னொரு வரிசைப் பற்கள், வெளியே வராமலே புதைந்திருந்தன.

முள்ளம்பன்றி மண்டையோட்டை யானையின் முன் வைத்தது. "மேலே இருப்பவை பால் பற்கள். இது குட்டியாக இருந்தபோதே இறந்திருக்கிறது. மூக்கு வளரவே இல்லை."

ஓநாய்க்குட்டி ஒன்றை அருகில் நிறுத்திக் காட்டியது. அதன் மூக்கும் அதே அளவு குட்டையாக இருந்தது.

"அப்படியானால் இது ஓநாய்தானா?" என்று யானை கேட்டது.

"தெரியாது. நாய்க்குட்டிக்கும் மூக்கு குட்டைதானே. நாயும் ஓநாயும் ஒரே வயிற்றில் பிறந்த காலத்துக் குட்டியாகக்கூட இருக்கலாம். இதை வைத்து யாரையும் வெளியேற்ற முடியாது" என்றது முள்ளம்பன்றி.

யானை வெட்கப்பட்டுத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. நரி எப்போது நழுவியது என்று யாரும் பார்க்கவில்லை. நாய் அந்தச் சின்ன மண்டையோட்டை மோந்து பார்த்தது. பிறகு ஓநாய்க்குட்டியை மோந்து பார்த்தது. போக இடமின்றி அங்கேயே நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. ஓநாய் தன் குட்டிகளோடு சற்று நகர்ந்து படுத்து, நாய்க்கும் இடம் விட்டது.

நீதி: அவசரப்பட்டுச் சொல்லும் தீர்ப்பைவிட, பொறுமையாக ஆராய்ந்து சொல்லும் "தெரியாது" மேலானது.