திட்டு வாங்கிப் பழகிய மான்

ஒரு காட்டில் ஒரே ஒரு சுனைதான் இருந்தது, குழந்தைகளே. மற்ற மாதங்களில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஓடையிலும் குட்டையிலும் தண்ணீர் கிடக்கும்போது சுனை எதற்கு? ஆனால் கோடை வந்துவிட்டால் காடே அந்தச் சுனையைச் சுற்றி வந்து நிற்கும்.

"நாங்கதான் முதல்ல குடிப்போம்" என்றன மேட்டுக்காட்டு விலங்குகள்.

"அதெல்லாம் நடக்காது, நாங்கதான்" என்றன பள்ளக்காட்டு விலங்குகள்.

ஒரு கோடை முழுவதும் கடியும் உதையுமாகவே கழிந்தது. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன யானை கடைசியில் ஒரு வழி சொன்னது.

"சண்டை போட்டு யாரும் சாக வேணாம். கோடை பிறக்கிற அன்னைக்கு ரெண்டு பக்கமும் சடுகுடு ஆடுங்க. ஜெயிச்ச பக்கம் கோடை முடியிற வரைக்கும் விடியற்காலையில வந்து தெளிஞ்ச தண்ணி குடிக்கட்டும். தோத்த பக்கம் வெயில் ஏறின பிறகு வரட்டும்."

வெயில் ஏறின பிறகு அந்தச் சின்னச் சுனையில் என்ன மிஞ்சும்? முதலில் வந்தவர்கள் மிதித்துக் கலக்கிய சேறுதான் மிஞ்சும்.

சடுகுடு உங்களுக்குத் தெரியும். கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போக வேண்டும். "சடுகுடு சடுகுடு" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அங்கே மூச்சு விட்டால் ஆட்டம் போச்சு.

போன கோடையில் மேட்டுக்காட்டின் கடைசி ஆளாகப் பாடிப்போனது ஒரு புள்ளிமான். பயிற்சியில் அதற்கு நிகர் யாருமில்லை. அரச மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினாலும் பாட்டு அறாது. அன்றைக்கோ, கோட்டைத் தாண்டிப் பத்தடிகூடப் போகவில்லை. பள்ளக்காட்டு நரி அதன் காதோரம் ஏதோ சொன்னது. மானுக்கு மூச்சு அடைத்தது, பாட்டு நின்றது, ஆட்டம் தோற்றது.

"வீட்டில் புலி, வெளியில் எலி" என்று காடெல்லாம் சிரித்தது. சிரித்தால் போகட்டும். சேற்றுத் தண்ணீர் குடித்துக் குடித்து மானின் குட்டி வயிற்றுக்கடுப்பில் எலும்பும் தோலுமாகிவிட்டது. இன்னொரு கோடையை அது தாங்காது என்று மானுக்குத் தெரியும்.

இந்த வருஷமும் கோடை நெருங்கியது. மேட்டுக்காட்டுத் தலைவனான காட்டுப்பன்றி தினமும் மானிடம் வந்து நின்றது.

"தங்கச்சி, பயப்படாத! போன வருஷத்தை நெனைக்கவே நெனைக்காத! நடுங்காத!"

நினைக்காதே என்றால் நினைவு போய்விடுமா? பன்றி சொல்லச் சொல்ல மானுக்கு அதே நினைவாக இருந்தது. கரடி வந்து, "தேன் குடி, தைரியம் வரும்" என்றது. மான் குடித்துப் பார்த்தது. வயிறுதான் வலித்தது.

ஒருநாள் மான் தனியாக உட்கார்ந்து யோசித்தது. 'பயிற்சியில் எனக்கு மூச்சு இருக்கிறது. களத்தில் மட்டும் எங்கே போகிறது? பயிற்சியில் இல்லாதது களத்தில் என்ன இருக்கிறது?'

விடை கிடைத்ததும் அது துள்ளி எழுந்தது. 'நரியின் வாய்! அது ஒன்றுதான் பயிற்சியில் இல்லை!'

மான் நேராக முள்ளம்பன்றியிடம் ஓடியது. முள்ளம்பன்றியைச் சடுகுடுவில் சேர்ப்பதில்லை. அதை யார் கட்டிப்பிடிப்பது? அதனால் அது வெளியே உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லியே காலம் தள்ளிவந்தது. அதன் உடம்பில் இருக்கிற முள்ளைவிட நாக்கில் இருக்கிற முள் அதிகம்.

"எனக்கு ஒரு உதவி செய்" என்றது மான். "நான் பாடும்போது எதிர்ல நின்னு என்னைத் திட்டு."

முள்ளம்பன்றிக்குக் காதை நம்ப முடியவில்லை. "திட்டவா? நெசமாவா அக்கா? எவ்வளவு வேணும்?"

"உன்னால முடிஞ்ச அளவு. நரி சொன்னதைவிட மோசமா இருக்கணும்."

கரும்பு தின்னக் கூலியா கேட்கும் முள்ளம்பன்றி? மறுநாள் காலையிலேயே வந்து நின்றது. "ஏ நொண்டிக் காலு! ஒன்ன நம்பினதுக்கு நாங்க நத்தைய நம்பியிருக்கலாம்! ஒன் குட்டிக்கு நீயே எமன்!"

மானின் பாட்டு இரண்டாவது 'சடுகுடு'விலேயே நின்றுவிட்டது. கண்ணில் நீர் முட்டியது.

"இன்னைக்குப் போதுமா?" என்றது முள்ளம்பன்றி, கொஞ்சம் இரக்கத்தோடு.

"வேணாம், இன்னொரு தடவை" என்றது மான்.

கோடை பிறக்க இருந்த பத்து நாளும் இதே கதைதான். இடையில் மான் தன்னிடமே ஒன்றைக் கண்டுபிடித்தது. திட்டு விழும் என்று தெரிந்தவுடன் அது பல்லைக் கடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, விறைத்து நின்றுகொண்டது. வாய் நிறையத் தண்ணீரை அடைத்துக்கொண்டால் விழுங்க முடியுமா? புரையேறத்தானே செய்யும். ஆகவே முதலில் இருக்கிற மூச்சையெல்லாம் 'புஸ்' என்று வெளியே விட்டது. காதைத் தொங்கவிட்டது. தோளைத் தளர்த்தியது. பிறகு தேவையான அளவு மட்டும் இழுத்துக்கொண்டு கிளம்பியது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கால் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்குகிற காலோடு ஓடப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கோடை பிறந்த அன்று சுனையோரத்து மணலில் ஆட்டம் தொடங்கியது. யானை நடுக்கோட்டில் நின்றது. மேட்டுக்காடு ஒன்று எடுத்தால் பள்ளக்காடும் ஒன்று எடுத்தது. பொழுது சாயும்போது இரண்டு பக்கமும் புள்ளியில் சமம். காட்டுப்பன்றி பாடிப்போய் உடும்பின் பிடியில் மாட்டி வெளியேறியிருந்தது. மேட்டுக்காட்டில் மிச்சம் மான் மட்டும்தான். பள்ளக்காட்டில் நரி, உடும்பு, குரங்கு என்று மூன்று பேர் நின்றார்கள்.

"கடைசிப் பாட்டு. மான் போகட்டும்" என்றது யானை. "யாரையாச்சும் தொட்டுட்டு வந்தா மேட்டுக்காட்டுக்குத் தண்ணி. இல்லேன்னா பள்ளக்காட்டுக்கு."

நரி கோட்டருகே வந்து பல்லைக் காட்டியது. "வாங்க அக்கா, வாங்க. போன வருஷம் இதே எடத்துலதான் ஒங்க மூச்சு நின்னுச்சு. ஞாபகம் இருக்கா?"

மான் 'புஸ்' என்று மூச்சை வெளியே விட்டது.

"நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. பயமாவும் இருக்கு. இதோ பாரு, காலு நடுங்குது."

நரி திகைத்துப்போய்விட்டது. மான் பயப்படுகிறது என்பதை ஊருக்கே எடுத்துச் சொல்லத்தான் அது பத்து வாக்கியம் தயாராக வைத்திருந்தது. அதை மானே சொல்லிவிட்டால் நரி என்ன செய்யும்?

"சடுகுடு சடுகுடு சடுகுடு..." மான் கோட்டைத் தாண்டிவிட்டது.

"நொண்டி! கோழை!" என்று கத்தியது நரி.

மான் பாடிக்கொண்டே நடந்தது. முள்ளம்பன்றி இதைவிட நன்றாகத் திட்டும்.

"ஒன் குட்டி அழுவுது பாரு! ஒன்னாலதான் அது சாகப்போவுது!"

குட்டி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தது. ஒரு கணம் மானின் குரல் நூலாக மெலிந்தது. மேட்டுக்காடே கண்ணை மூடிக்கொண்டது. மான் கழுத்தைத் தளர்த்தி, தோளைத் தாழ்த்தியது. "சடுகுடு... சடுகுடு சடுகுடு..." பாட்டு மறுபடி தடித்தது.

நரிக்கு இப்போது வியர்த்துக் கொட்டியது. அடுத்தவரைப் பதறவைத்தே பழகிய அதற்குத் தனக்குப் பதற்றம் வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. "உடும்பே, பிடி! இல்ல, இரு! குரங்கே, நீ பிடி! வேணாம், உடும்பே, நீயே பிடி!" என்று மாறி மாறிக் கத்திக்கொண்டு குறுக்கே ஓடியது.

இத்தனை கூச்சலில் உடும்புக்கும் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஆடியதைப் பாய்ந்து பிடித்தது. அது மானின் கால் இல்லை, நரியின் வால்.

"ஐயோ, விடு! அது நான்!" என்று அலறியது நரி. உடும்புப்பிடி அவ்வளவு எளிதில் விடுமா?

மான் நிதானமாக நரியின் மூக்கைக் குளம்பால் தொட்டது. திரும்பியது. குரங்கு வழியை மறித்து நின்றது. மூச்சு தீரப்போகிறது என்று மானுக்குத் தெரிந்தது. இருந்தும் அவசரப்படவில்லை. குரங்கு தாவும் வரை பாடிக்கொண்டே காத்திருந்து, அது தாவியதும் பக்கவாட்டில் துள்ளிக் கோட்டைக் கடந்தது.

மேட்டுக்காடு ஆரவாரம் செய்தது. காட்டுப்பன்றி மணலில் புரண்டது. முள்ளம்பன்றி முதல்முறையாக ஒருவரைப் பாராட்ட வாயெடுத்து, வார்த்தை வராமல் விழித்தது.

மானின் காதில் இது எதுவும் விழவில்லை. கோடு தாண்டிய பிறகும் அதன் வாய் பாட்டை விடவில்லை. "சடுகுடு சடுகுடு" என்று முனகியபடியே குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு சுனைக்குப் போனது. குட்டி குனிந்து குடிக்கத் தொடங்கியது. தானும் குனிந்து, வாய் தண்ணீரில் பட்ட பிறகுதான் மான் பாட்டை நிறுத்தியது.

நீதி: பயம் வருவது குற்றமில்லை; பதறாமல் இருக்கப் பழகியவர் பயத்தோடும் வெல்வார்.