ஒட்டாத சுவர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக ஐந்து மாடியில் ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது. வெளிப்புறத்தில் டைல் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாட்டும் வேலைதான், ஒட்டும் வேலை இல்லை. சுவரில் பிராக்கெட்டை முடுக்கி, அதில் நெட்டுக்குத்தாக அலுமினியச் சட்டம் நிறுத்தி, சட்டத்தில் கிளிப் வைத்து, கிளிப்பில் டைலைத் தொங்கவிட வேண்டும். டைலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் அகலத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். ஒரு பொட்டு சிமென்ட் கிடையாது. டைலுக்கும் டைலுக்கும் இடையில் உள்ள இடுக்கையும் அடைக்கக் கூடாது.

இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் கோகிலவாணி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. படிப்பு இன்ஜினீயரிங் என்றாலும் அங்கே எல்லாரும் அவரை டீச்சர் என்றே சொன்னார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல், செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். அதனால் வந்த பெயர்.

கற்றுக்கொள்ள வந்தவர் சென்னியப்பன். அவருக்கு ஐம்பத்தாறு. டைல் ஒட்டியே தலை நரைத்தவர். அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நடுவே அவர் கைபடாத குளியலறை கொஞ்சம்தான். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றபடி செய்கிற டைல் வேலை என்று அவர் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்.

மேற்குச் சுவர் இன்னும் தொடங்கவில்லை. மாதக் கடைசியில் கோகிலவாணி ஓசூரில் வேறு கட்டடத்துக்குப் போகிறார். அதற்குள் மேற்குச் சுவருக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக நிறுத்த வேண்டும். கிழக்குச் சுவரின் மூலையில் ஒரு பட்டையைச் சென்னியப்பனுக்கு ஒதுக்கி, "நீங்களே மாட்டி முடிங்க மேஸ்திரி" என்றார். அது சரியாக வந்தால் மேற்குச் சுவர் அவருக்கு. வராவிட்டால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மகன் வீட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான்.

டைல் மேஸ்திரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒட்டிய டைலை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. பானையைத் தட்டினாற்போல் வந்தால் பொள்ளல். பொள்ளலான டைலை அன்றைக்கே பெயர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் என்றைக்காவது அதுவே பெயர்ந்துகொள்ளும். சென்னியப்பனுக்கு இந்தத் தட்டல் கொட்டாவி மாதிரி. அவரைக் கேட்டுக்கொண்டு வராது.

முதல் வரிசையை மாட்டினார். தட்டினார். முகம் போன போக்கைப் பார்த்து, தொங்கும் மேடையை ஏற்றி இறக்குகிற சம்பத் சிரித்துவிட்டான்.

"அம்மணி, இது பொள்ளலுங்க."

"ஆமாங்க மேஸ்திரி," என்றார் கோகிலவாணி.

"இதும் பொள்ளலுங்க."

"ஆமா."

"எல்லாமே பொள்ளலுங்க!"

"எல்லாமே ஒரே மாதிரி கேக்குதில்ல? நல்லா மாட்டியிருக்கீங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பொள்ளலா இருக்கறது ஒருநாள் விழுகுமுங்க. கீழ பொம்பளப் புள்ளைங்க நடமாடப் போற எடம். எப்படிங்க நம்பறது?"

கோகிலவாணி அவர் முதுகைப் பார்த்தார். வெயிலில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நீங்க சட்டையை ஒடம்புல ஒட்டித்தான் போட்டுக்குவீங்களா?"

"சட்டை விழுந்தா யாரு மண்டையும் ஒடையாதுங்க அம்மணி."

"அதுவும் நெசந்தான்."

கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியைத் தூக்குகிற, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "டைல்ல ஒட்ட வெச்சு இழுங்க. கையோட வந்துருச்சுன்னா எங்கிட்டக் கொண்டாந்து குடுங்க."

இழுத்தார். சம்பத்தும் சேர்ந்து இழுத்தான். இருவரும் காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துத் தொங்காத குறை.

"ண்ணா, மேடைதான் ஆடுது. டைல் ஆடலீங்ணா. வுட்டுருங்க, நாம விழுந்துருவோம்."

சென்னியப்பனின் கை ஒத்துக்கொண்டது. காது ஒத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சம்பத் மேடையை ஜன்னலோரம் நிறுத்திவிட்டு உள்வழியாக இறங்கிப் போவான். அந்த நேரத்தில் உள்ளே குளியலறை வேலைக்காரர்களிடம் ஒரு சட்டிக் கலவை வாங்கிக்கொண்டு வந்தார் சென்னியப்பன். அதைத் திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. பாதுகாப்பு என்றே நினைத்தார். கிளிப்பை விலக்கி, டைலை எடுத்து, முதுகில் பெரிய உருண்டைகளாகக் கலவையை அப்பி, சுவரோடு அமுங்கும்படி மறுபடி மாட்டினார். தட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது. பல நாள் அடைத்திருந்த காது திறந்தாற்போல் இருந்தது.

அடுத்தடுத்த சாப்பாட்டு நேரங்களில் பட்டை முழுவதையும் அப்படியே முடித்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. நூல் பிடித்தாற்போல் வரிசை. கோகிலவாணி வந்து அண்ணாந்து பார்த்து, "அழகா இருக்குதுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சென்னியப்பன் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பேத்திக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு மழை வந்தது. கிழக்கேயிருந்து சாய்வாக அடிக்கிற ஐப்பசி மழை. இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் தூறலோடு நின்றபோது, முதல் மாடியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏனுங்க, யாரு வெளிய வேலை பாத்தது? இந்த ரூமுச் செவுத்துக்கு அம்மை போட்டிருக்குதுங்க!"

போய்ப் பார்த்தார்கள். உள்பக்கச் சுவரில் அங்கங்கே வட்ட வட்டமாக ஈரம். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு. பக்கத்து அறைகளின் சுவர்கள் காய்ந்து கிடந்தன. வெளியே எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

"மேஸ்திரி, கீழ வாங்க," என்றார் கோகிலவாணி.

டைல் வரிசை முடிகிற இடத்தில், தரைக்குச் சற்று மேலே, எலி பல்லி புகாமலிருக்க ஓட்டை போட்ட தகடு ஒன்று மாட்டியிருக்கும். சம்பத்திடம் அதைக் கழட்டச் சொன்னார். சென்னியப்பனுடைய பட்டைக்குக் கீழே அல்ல. மற்றவர்கள் மாட்டிய அடுத்த பட்டைக்குக் கீழே. ஒரு சாக்கை விரித்து, சென்னியப்பன் கையில் டார்ச்சைக் கொடுத்தார்.

"மல்லாக்கப் படுத்து மேல பாருங்க."

படுத்தார்.

"என்ன தெரியுது?"

"தண்ணிங்க."

"எங்க?"

"டைலோட முதுகுலீங்க. இடுக்கு வழியா உள்ள வந்து, அப்படியே வழிஞ்சு வெளிய சொட்டுது."

"செவுரு?"

டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. "காஞ்சு கெடக்குதுங்க. மூஞ்சில காத்து வருதுங்க."

"இப்பத் தள்ளி, உங்க பட்டைக்குக் கீழ படுங்க."

சம்பத் அங்கேயும் தகட்டைக் கழட்டினான். சென்னியப்பன் சாக்கோடு நகர்ந்து படுத்தார். அங்கும் தண்ணீர் டைலின் முதுகில்தான் வழிந்தது. வழிந்து, கலவை உருண்டைக்கு வந்ததும் அதன்மேல் ஏறி, பாலம் கடப்பதுபோல் நிதானமாகச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த உருண்டையிலும் அப்படியே. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?"

டார்ச் வெளிச்சம் ஓர் உருண்டையின் மேல் போய் நின்றது.

"மேஸ்திரி?"

"என்னோட கையிங்க அம்மணி. உருண்டை மேல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்குது."

எழுந்து உட்கார்ந்தார். முட்டி வலித்ததா, வேறு ஏதும் வலித்ததா, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாக்கைச் சுருட்டினார். தூக்குவாளியையும் துண்டையும் எடுத்துக்கொண்டார்.

"போயிட்டு வர்றேனுங்க."

"எங்க?"

"ஊட்டுக்குங்க. மேக்குச் செவுத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

"வேலை நேரத்துல ஊட்டுக்கு எதுக்கு? ஈரம் தெரியற எடத்துல இருக்கற டைலை மட்டும் கழட்டிட்டு அப்புறமாச் சாப்பிடப் போங்க," என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மேடையில் ஏறியபோது சென்னியப்பன் முதலில் செய்தது, அடுத்த பட்டையிலிருந்து ஒரு டைலைக் கழட்டியதுதான். சும்மா பார்ப்பதற்கு. கிளிப்பை நிமிர்த்தியதும் டைல் வாழையிலை மாதிரி கையில் வந்து நின்றது. பக்கத்து டைலில் ஒரு கீறல் இல்லை. திருப்பி மாட்டினார். போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு தன் டைலுக்கு வந்தார். கிளிப்பை நிமிர்த்தினார். அது வரவில்லை. உளியை வைத்தார். இரண்டாகப் போயிற்று.

"ண்ணா, நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க," என்றான் சம்பத்.

"வாயை மூடறியா, கீழ எறங்கறியா?"

"நான் எறங்குனா நீங்களும் எறங்கோணுங்ணா. சுவிட்ச் எங்கிட்ட இருக்குது."

சென்னியப்பனுக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

ஈரம் தெரிந்த இடமெல்லாம் சாயங்காலத்துக்குள் கழட்டி முடிந்தது. சம்பத் மேடையை இறக்கப் போனான். "இரு," என்றார் சென்னியப்பன். மேலே இருந்த டைல்களைக் காட்டினார்.

"டீச்சர் அதைச் சொல்லலீங்களே. அங்க ஈரம் வரலை."

"இந்த மழை புடிக்காததை அடுத்த மழை புடிக்கும். ஏத்து."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டை முழுக்கப் பெயர்த்து, சுவரில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டி, சட்டத்தைத் துடைத்து, கிளிப்புகளை மாற்றினார். உடைந்ததற்குப் புது டைல் கேட்டபோது ஸ்டோர்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒடச்சதுதானுங்க, எழுதிக்குங்க," என்றார்.

பிறகு மாட்டத் தொடங்கினார். மழை ஓய்ந்த வெயில் இதமாக இருந்தது. மேடை மெல்ல ஆட, கீழே நூல் லாரிகள் திரும்ப, டைல் டைலாகச் சுவர் ஏறியது. முதல் டைலை மாட்டியதும் கை தானாக ஓங்கிற்று. மடக்கிய விரல் டைலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சம்பத் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் அந்த விரலால் காதைச் சொறிந்துகொண்டார். நாலைந்து டைலுக்குப் பிறகு கை ஓங்குவது குறைந்தது. மேல் வரிசைக்கு வந்தபோது, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, ஒரு கையால் டைலைப் பிடித்து மறு கையால் கிளிப்பை மடக்கினார். முட்டி வலியே தெரியவில்லை என்று சம்பத்திடம் சொன்னார். நின்று செய்கிற வேலையல்லவா.

வியாழக்கிழமை இன்னொரு மழை அடித்தது. வெள்ளிக்கிழமை பெயிண்டர் அந்த அறைக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை. கோகிலவாணி ஸ்கூட்டரை எடுக்க வந்தபோது சென்னியப்பன் கை கால் கழுவிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"திங்கக்கெழமை நான் ஓசூர் போறேன் மேஸ்திரி. மேக்குச் செவுரு உங்க பொறுப்பு. முதலாளிகிட்டச் சொல்லியாச்சு."

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"ரொம்ப சந்தோஷமுங்க. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறேனுங்க."

"கேளுங்க."

"புதுசா நாலு மேஸ்திரிங்க வர்றாங்க. நாலு பேரும் ஒட்டுவேலைக்காரங்க. எனக்குத் தெரிஞ்சவங்கதான். மாட்டுவாங்க, தட்டுவாங்க, பொள்ளல்னு சொல்லுவாங்க. நான் என்ன சொன்னாலும் காதுல ஏறாது. நான் அந்தப் பக்கம் போன நேரம் பாத்து எவனாச்சும் கலவையை உள்ள அப்பிட்டான்னா?"

"அப்புவாங்க," என்றார் கோகிலவாணி.

"எனக்குத் தெரிஞ்சு போயிரும்ங்க. தெரிஞ்ச ஒடனே நான் என்னங்க பண்ணட்டும்?"

கோகிலவாணி ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினார். வண்டியைக் கிளப்பிவிட்டுச் சொன்னார்:

"அழகா இருக்குதுன்னு சொல்லுங்க. மழை வரட்டும்."

சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வண்டி அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தது.