சோலையப்பனின் ரேடியோகிராம்

காரைக்குடியில் வால்வு ரேடியோ ரிப்பேர் பழக வேண்டும் என்றால் பிலோமினாவிடம்தான் போக வேண்டும். அவள் சேர்த்துக்கொள்வாளா என்பது வேறு கதை. கைலாசத்தை ஆறு தடவை திருப்பி அனுப்பினாள். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு நாற்பத்து நாலு. முப்பத்துநாலு வருஷம் அரசாங்க என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஏழாவது தடவையும் வந்து வாசலில் நின்றார்.

"சரி, உள்ள வாங்க சார்" என்றாள்.

அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'வாத்தியாரம்மா' என்பார். தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, கைலாசத்துக்கு என்ன வந்தது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டல்காரர் சோலையப்பன் நாலு ஆளை வைத்து ஒரு ரேடியோகிராமைக் கடையில் இறக்கினார். ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குத் தேக்குப் பெட்டி. நடுவில் ரேடியோவும் இசைத்தட்டு சுற்றும் தட்டும், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். ஏதோ ஒரு பெரிய வீட்டை இடித்தபோது வாங்கியதாம்.

"உள்ள இருக்கிற குப்பையெல்லாம் கழட்டிப் போட்டுரு பிலோமினா. செல்போன்ல பாட்டுப் போடுற மாதிரி ஒரு போர்டு வச்சுக் கொடு. வெள்ளிக்கிழமை ஓட்டல் திறப்பு விழா. வாசல்ல இதுதான் நிக்கணும்."

கைலாசம் பின்பலகையைப் பார்த்தார். அரை நாள் வேலை.

"கழட்டிரட்டுமா வாத்தியாரம்மா?"

"முதல்ல உயிர் இருக்கான்னு பாப்போம்."

"கழட்டப்போறதுக்கு எதுக்கு உயிர் பாக்கணும்?"

"கழட்டப்போறதாலதான் பாக்கணும்."

பல வருஷம் சும்மா கிடந்த பெட்டியை நேரே கரண்டில் செருகினால் புகைந்துபோகும். அதனால் நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகத்தான் கரண்டை உள்ளே விடுவாள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் பெட்டி பிழைத்தது.

தூசி தட்டி, பல்லி முட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்றது. பல்பு மெல்ல மங்கியது. உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயர் எழுதிய கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. அவள் குமிழைத் திருகினாள். ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மனிதர், நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சாவகாசமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அடேங்கப்பா!" என்றார் கைலாசம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பத்து நாள் கொடுங்கண்ணே" என்றாள் பிலோமினா சோலையப்பனிடம். "சுத்தமாப் பாட வச்சுத் தர்றேன். கழட்ட மட்டும் மாட்டேன்."

"பாட வைன்னு யாரு கேட்டா? என் பெட்டி, என் இஷ்டம்."

"உங்க பெட்டிதான். என் கை என்னோடது."

சோலையப்பனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "இந்தக் கடை யாரோடதுன்னு ஞாபகம் இருக்குல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டி ரெடியாகலைன்னா சனிக்கிழமை இடத்தைக் காலி பண்ணு."

"சனிக்கிழமை எதுக்கு? இன்னைக்கே பண்றேன்."

அவர் கட்டடத்தில் பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கும் கடை. அவள் குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

சோலையப்பன் கைலாசத்தின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவங்க. நீங்க கழட்டிக் கொடுங்க. இந்தக் கடையை உங்களுக்கே விட்டுர்றேன், உங்க பேருல போர்டு மாட்டிக்குங்க. ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன், யோசிங்க."

அவர் போய்விட்டார். கைலாசத்துக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன்? தன் பேரில் ஒரு கடை வேண்டும் என்று ரிட்டயரான நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தவர்.

"ஒண்ணு கேக்கட்டுமா வாத்தியாரம்மா?"

"கேளுங்க."

"நாம மாட்டேன்னா அவரு வேற ஒரு ஆளைப் பிடிப்பாரு. எப்படியும் இதைக் கழட்டத்தான் போறாங்க. கடையும் போகும், பெட்டியும் போகும். அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அவள் மேஜையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கழட்டுங்க."

"சுவிட்சை அணைக்கலையே?"

"நான் அணைக்க மாட்டேன். வேணும்னா நீங்க அணைச்சுட்டுக் கழட்டுங்க."

கைலாசம் சுவிட்சைப் பார்த்தார். உள்ளே வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. ரேடியோவில் அந்த மனிதர் வேப்பங்கொட்டைக் கரைசல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கூலியாட்கள் நாலு பேரும் பெட்டி முன்னால் குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோலையப்பன் திரும்பி வந்தார். "என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலையா? முதல்ல அதை அணைங்க."

"மாட்டேன்" என்றார் கைலாசம்.

குரல் நடுங்கத்தான் செய்தது. முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் மேலே இருக்கிற யாரிடமும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனாலும் அப்படியே நின்றார்.

சோலையப்பன் கூலியாட்களிடம் கத்தினார். "டேய், எவனாவது அதை அணைங்கடா!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "எங்க வயல்லயும் இதே பூச்சிதான் மொதலாளி" என்றார் ஒருவர். "அவரு சொல்லி முடிக்கட்டும்."

சோலையப்பன் அவர்களைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார். பிறகு தானே போய் சுவிட்சில் விரலை வைத்தார். விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அணைத்தார். பேசிக்கொண்டிருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

கடையில் பெட்டி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பிலோமினா அலமாரியிலிருந்து சாமான்களை இறக்கி மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"தோத்துட்டோமே வாத்தியாரம்மா" என்றார் கைலாசம்.

"அணைச்சது யாரு சார்?"

"அவருதான்."

"ஆள் விட்டா அணைச்சாரு?"

கைலாசம் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தார்.

"அவரு கையாலயே அணைக்க வேண்டி வந்துச்சுல்ல? அது போதும். இந்தப் பக்கம் வந்து அலமாரியைப் பிடிங்க."