கழுத்தில் விட்ட விரிசல்

நவமணியின் பட்டறை திருச்செங்கோடு சாலையில் இருந்தது. லாரி, டிரெய்லர்களின் அடிச்சட்டத்தைச் சீர்செய்வது அவள் தொழில். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த மாரப்பனுக்கு ஐம்பத்தாறு. பாதி வாழ்நாளை டிரெய்லர் ஓட்டியே கழித்தவர், தினமும் வீடு திரும்புகிற வேலையாக வேண்டும் என்று மனைவி கேட்டதற்காக இங்கே வந்து சேர்ந்தார். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

ஒருநாள் காலை, வீட்டு டிரெய்லர் ஒன்று பட்டறைக்குள் நுழைந்தது. பார்த்ததுமே மாரப்பனுக்கு அடையாளம் தெரிந்தது.

அது ராட்டினக்காரர் குப்புராஜின் வண்டி. ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போகும் அவர் குடும்பத்துக்கு அந்த டிரெய்லர்தான் வீடு. அதன் முன்கழுத்து, இழுக்கும் லாரியின் முதுகில் ஏறி உட்காரும். அந்தக் கழுத்துக்கு மேலேதான் குழந்தைகள் படுக்கும் அறை. சித்திரையில் கழுத்துச் சட்டத்தில் விரிசல் விட்டு வந்தபோது நவமணி ஊரில் இல்லை. மாரப்பன்தான் கனமான இரும்புத் தகடு ஒன்றை வைத்து, சுற்றிலும் அழுத்தமாகப் பற்றவைத்து அனுப்பியிருந்தார். யானை ஏறினாலும் அசையாது என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்.

குப்புராஜின் மனைவி ஜோதிமணி இறங்கி வந்தாள்.

"அண்ணா, சொவத்துக்கும் தளத்துக்கும் நடுவுல வெரல் போகுது. பீரோ கதவு சாத்த மாட்டேங்குது. வண்டி ஓடறப்ப புள்ளைங்கள மேல படுக்க வெக்கவே பயமா இருக்குதுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் மாரப்பனை அதிகம் வாட்டியது.

அவர் குனிந்து பார்த்தார். தகடு வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் ஓரத்தை ஒட்டி, பழையதைவிட நீளமாகப் புது விரிசல் ஓடியிருந்தது.

"இன்னும் தடிமனாப் போட்டிருக்கோணும், மேஸ்திரி," என்றார்.

நவமணி தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார் மாரப்பன். "இந்தத் தொழில் எனக்கு வராதுங்க. புள்ளைங்க தூங்கற வண்டி. எங்கயாச்சும் ரோட்டுல முறிஞ்சிருந்தா? நாளையிலேர்ந்து நான் வரலீங்க."

"நாளைக்கு வராட்டிப் போங்க. இன்னிக்கு இருக்கீங்கல்ல? அந்தச் சுண்ணாம்பக் கரைங்க."

கழுத்திலிருந்து சக்கரம் வரை சட்டம் முழுவதும் இருவரும் சுண்ணாம்பு பூசினார்கள். வெயிலில் அது காய்ந்து வெள்ளை வெளேரென்று ஆனது.

"இப்ப நீங்களே ஓட்டுங்கண்ணா. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வாங்க. மெதுவாப் போங்க, வேகத்தடை எல்லாத்துலயும் ஏத்தி எறக்குங்க. சட்டம் எங்க நெளியுதோ அங்க சுண்ணாம்பு உதிரும்."

மாரப்பன் ஓட்டிப் போனார். திரும்பி வந்ததும் இருவரும் அடியில் குனிந்து பார்த்தார்கள்.

தகட்டின் மேல் பூசிய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. தகடு முடிகிற விளிம்பில் மட்டும் பொரிப்பொரியாக உதிர்ந்திருந்தது.

"ஓட்டறப்ப எப்படி உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள் நவமணி.

"எப்படின்னா? வண்டி குலுங்கினா நானும் கூடக் குலுங்குவேன்."

"அசையாம வெறைச்சு உக்காந்தா?"

"வெறைச்சு உக்காந்தா முதுகு என்னத்துக்..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் மறுபடி குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தார். "தகடு வெறைச்சு நின்னதால நெளிவு பூரா இந்த ஓரத்துக்கே வந்துருச்சுங்க," என்றார்.

பிறகு அவராகவே எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். வால்பக்கத்தில், சக்கரத்துக்கு வெகு பின்னால் ஜெனரேட்டர் ஏற்றியிருந்தது.

"இது எப்பலேர்ந்துங்க இங்க இருக்குது?" என்று குப்புராஜிடம் கேட்டார்.

"மாசியில வாங்குனதுங்க. உள்ள வெச்சா சத்தம் தாங்கலைன்னு வால்ல வெச்சோம்."

"வாலு குதிக்கறப்ப எல்லாம் கழுத்து நெளியுதுங்க. அதைச் சக்கரத்துக்கு முன்னால கொண்டு வந்துருவோம். ஷாக் அப்சர்பரும் செத்துப் போச்சு, மாத்தோணும்."

நவமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

வேலை தொடங்கியது. தன் தகட்டைத் தானே அறுத்தெடுத்தார் மாரப்பன். விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி அதன் நுனியில் சின்னதாகத் துளையிட்டு, பிளவைத் தேய்த்துச் சுத்தமாக்கிப் பற்றவைத்தார். நவமணி மெல்லிய நீளப் பட்டைகளை நுனி சாய்வாக வெட்டிக் கொடுத்தாள். அவற்றின் நுனிகளை நெளிய விட்டு, பக்கவாட்டில் மட்டும் பற்றவைத்தார்கள். கழுத்து வளைகிற மூலைகளில் முக்கோணத் தாங்கிகள் வைத்தார்கள். ஜெனரேட்டரைச் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஷாக் அப்சர்பரையும் மாற்றினார்கள். நடுவில் ஒருமுறை பட்டை நழுவப் பார்த்தபோது நவமணி அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்கண்ணா, நான் புடிச்சிருக்கேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஜோதிமணி உள்ளே ஏறி பீரோ கதவைச் சாத்தினாள். சாத்திக்கொண்டது. திறந்து மறுபடியும் சாத்திப் பார்த்தாள். பிள்ளைகள் மேல் படுக்கையில் ஏறிக் குதித்தார்கள். யாரும் அதட்டவில்லை.

"ஒவ்வொரு ஊருல கெளம்பறதுக்கு முன்னாலயும் குனிஞ்சு ஒருதரம் பாத்துருங்க," என்று குப்புராஜிடம் சொன்னார் மாரப்பன். இந்தமுறை யானையைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி சாலையில் ஏறியது. மேட்டில் கழுத்து லேசாக அசைந்ததை மாரப்பன் பார்த்தார்.

"இன்னும் ஆடுதுங்களே, மேஸ்திரி."

"ஆடும்."

"மறுபடி விரிசல் விடாதுங்களா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணா."

"அப்ப இந்த ரெண்டு நாளா நாம என்னதானுங்க செஞ்சோம்?"

நவமணி கையில் ஒட்டியிருந்த கரியைத் துணியில் துடைத்தாள்.

"தனியாத் தாங்கிட்டிருந்த எடத்துக்குத் தொணை குடுத்தோம்," என்றாள்.