இசக்கியம்மா முதுகுல விழுந்த முடிச்சு

ஒரு ஊர்ல ஒரு இசக்கியம்மா இருந்தா. தெருமுக்குல தள்ளுவண்டி போட்டு துணி தேச்சுக் குடுப்பா. கரி போடுற இஸ்திரிப் பெட்டி, இரும்பு, அம்புட்டு கனம். டொக்குனு வைப்பா, சர்ர்ர்ருனு இழுப்பா. டொக்கு, சர்ர்ர்ரு. நாள் பூரா அதேதான். கதை கேக்கும்போது 'ம்' சொல்லணும் கண்ணு... ஆங்.

அப்படி இழுத்து இழுத்து, வலது தோளுக்குக் கீழ முதுகுல ஒரு முடிச்சு விழுந்துபோச்சு. தொட்டா புளியங்கொட்டை மாதிரி இருக்கும். தைலம் தேச்சா, கேக்கல. அப்புறம் கையே மேல தூக்க வரல. அவ புருஷன் சுடலைமுத்து என்ன செஞ்சான்? காலையில ஆத்துல துணி துவைச்சிட்டு, சாயங்காலம் பெட்டியையும் அவனே இழுத்தான்.

அப்போ துணி குடுக்க வந்தாரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அந்தோணிராஜ்.

"அக்கா, முதுகுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பந்தை வச்சு, சாஞ்சு மெதுவா உருட்டுங்க. வலிக்கிற இடத்துல நிறுத்தி மூச்சு விடுங்க. நடு எலும்பு மேல மட்டும் வைக்காதீங்க."

வீட்டுல பந்துக்கு எங்க போறது? தேங்காயை வச்சு சாஞ்சா. அது கல்லு மாதிரி குத்துச்சு. "யம்மாடி!"னு நகந்தா, தேங்கா டமார்னு கால் மேல!

அப்புறம் எலுமிச்சம்பழம் வச்சா. சாஞ்சதுதான் தாமசம், புளிச்! ரவிக்கையெல்லாம் சாறு. சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரிச்சான். இவ சிரிக்கல.

"ஏங்க, இனி இந்தக் கை தூக்கவே தூக்காதா?"

அவன் சிரிப்பை நிறுத்திட்டான். "தூக்கும்ளா. ஏன் தூக்காது?"

தூங்கிட்டியா? ம்... சரி.

மறுநாள் வாத்தியாரோட கால்சட்டையை உதறுனா, பையிலருந்து தொப்புனு ஒண்ணு விழுந்துச்சு. டென்னிஸ் பந்து! அமுக்குனா கொஞ்சமா அமுங்குது, விட்டா எழும்புது. நேரா பள்ளிக்கூடத்துக்கே போயிட்டா.

"சார், இதை ரெண்டு நாள் நான் வச்சுக்கட்டுமா?"

"பழைய பந்துதானேக்கா. நீங்களே வச்சுக்கோங்க."

அப்புறம் சுவத்துல சாஞ்சா. உருட்டுனா... உருட்டுனா... "ஸ்ஸ்ஸ்!" அங்கதான் முடிச்சு. நின்னா. மூச்சை உள்ள இழுத்தா... வெளிய விட்டா. நீயும் விடு பாப்போம்... ஆங், அப்படித்தான்.

ஒரே நாள்ல போயிரல. தெனமும் காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நாலாம் நாள் கை தோள் வரைக்கும் வந்துச்சு. பத்தாம் நாள் கொடியில கிடந்த சேலையை எட்டி எடுத்துட்டா! அவளுக்கே நம்ப முடியல. மறுபடி போட்டு மறுபடி எடுத்தா.

வண்டிக்குப் போயி பெட்டியைத் தூக்குனா. டொக்கு, சர்ர்ர்ரு. நடுநடுவுல பெட்டியை இறக்கி வச்சு கையை உதறிக்கிட்டா.

அன்னைக்கு சுடலைமுத்து ஈரத்துணி மூட்டையை இறக்குனான். இறக்கும்போது முகம் சுருங்குச்சு. இவ பாத்துட்டா.

"உமக்கு எங்க வலிக்கி?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல."

"இங்க வாரும்." சுவத்தோரமா நிக்க வச்சு, பந்தை அவன் முதுகுல வச்சா. "சாயும்... மெதுவா."

சாஞ்சான். "ஆ... ஆஆ... அதே இடம்தான்ளா!"

"எம்புட்டு நாளா?"

"நீ பெட்டியைத் தொடாத நாள்லருந்து."

அவளும் பக்கத்துலயே சுவத்துல சாஞ்சு, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் மூச்சை இழுத்தாங்க... விட்டாங்க...

அவ்வளவுதான்டா கண்ணு. கதையும் சாஞ்சிருச்சு, நீயும் அத்தை தோள்ல சாஞ்சு கண்ணை மூடிக்கோ.